கடைக்குட்டியின் படிவம்

எங்கள் அலுவலகத்தின் பொறுப்பில் முந்நூற்று நாற்பது லிஃப்டுகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரிகளிலும் அடுக்குமாடிகளிலும் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருப்பவை. எதற்கு எந்த மெக்கானிக் எப்போது போய் எண்ணெய் விட வேண்டும், எதன் வடம் தேய்ந்திருக்கிறதா என்று எப்போது அளக்க வேண்டும் என்று தேதி போட்டுக் கொடுப்பது என் வேலை. பதினாறு வருடமாக ஸ்பானரைக் கையால் தொடாமலே லிஃப்டைக் கவனித்துவருகிறேன். மெக்கானிக்குகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் தேதி சார். நான் இல்லாதபோது வேறு பெயரும் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் வருவதற்கு முன்பு எல்லா வேலையும் ஒரே பட்டியலில் கிடக்கும். இன்று செய்ய வேண்டியது, அடுத்த வாரம் செய்ய வேண்டியது, அடுத்த வருடம் செய்ய வேண்டியது எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக இருநூறு வரி. காலையில் அதைத் திறந்து பார்த்ததுமே மெக்கானிக்குக்குப் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரோடு அவன் எந்த லிஃப்டைப் பார்ப்பான்? நான் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தொடக்கத் தேதி போட்டேன். அந்தத் தேதி பிறக்கும்வரை அந்த வேலை யார் கண்ணிலும் படாது. இருநூறு வரி ஒன்பது வரியானது. மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மற்ற கிளைகளுக்கெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேச வைத்தார். "இன்னைக்குச் செய்ய வேண்டாத வேலை இன்னைக்கு உங்க கண்ணுல படவே கூடாது" என்று மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தால் எழுந்து போய் எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கிரீஸ் என்று எல்லாரும் கூப்பிடும் மெக்கானிக் ஒருவன்தான் மடக்கினான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்டான். அதற்குத்தான் முடிவுத் தேதி என்று ஒன்று இருக்கிறது என்றேன். தொடக்கத் தேதி வேலையை மறைத்து வைக்கும், முடிவுத் தேதி அதைத் தொலையவிடாது. ஒன்றைப் போட்டால் மற்றதையும் போட்டே ஆக வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இதுதான் முதல் விதி. இதை மீறி மெமோ வாங்கியவர்கள் மூன்று பேர். மூன்றிலும் கையெழுத்து என்னுடையது.

அந்த விதியை நானே மீறினேன். வீட்டில்.

என் மனைவி பல்செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து மெழுகில் பல் செதுக்கி, சுட்டு, நிறம் ஏற்றித் திருப்பி அனுப்பும் ஒரு லேபில் வேலை. சுடுகிற அடுப்பு காய ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் காலை ஆறரைக்கே கிளம்பிவிடுவாள். நான் எழுந்திருப்பது ஏழுக்கு. கல்யாணமான புதிதில் சமையல் மேடையில் சீட்டு எழுதி வைத்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் இருவர் போனிலும் ஒரே பட்டியலை ஏற்றினேன். காஸ் புக் பண்ணுவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, அவள் அப்பாவின் கண் பரிசோதனை எல்லாம் அதில் வரும். யார் முதலில் பார்க்கிறோமோ அவர் செய்வது. செய்து முடித்து டிக் போட்டால் இருவர் பட்டியலிலிருந்தும் அது மறைந்துவிடும்.

டிக் போடுவது மட்டும் அவளுக்கு வராது. காஸ் புக் பண்ணுவாள். டிக் போடாமல் அந்த வேலையின் தொடக்கத் தேதியை எங்காவது தள்ளிவிடுவாள். கேட்டால், அடுத்த மாதமும் அது திரும்ப வரத்தானே போகிறது, அதற்கு எதற்கு முடிவுரை எழுத வேண்டும் என்பாள். ஒரு மாதம் தள்ளினாளா ஒரு வாரம் தள்ளினாளா என்ற கணக்கெல்லாம் கிடையாது. விரல் போன போக்கு. அவள் தள்ளிவிட்டது மறுபடி தலைகாட்டும்போது அவளுக்காக நான் டிக் போடுவேன். எங்கள் வீட்டில் இது ஒரு தீராத கேலி. வேலைக்காரி அவள், குமாஸ்தா நான்.

குழந்தை இல்லை என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எட்டு வருடம் இல்லை. பிறகு கருத்தரிப்பு மையத்துக்குப் போனோம். ஐந்து கரு உருவானது. ஐந்தையும் உறைய வைத்தார்கள். முதல் தடவை இரண்டை வைத்தார்கள், நிற்கவில்லை. இரண்டாம் தடவை ஒன்று, நிற்கவில்லை. மூன்றாவது தடவையும் ஒன்று, நின்றது. பதினோரு வாரம் இருந்தது. அதன் இதயம் துடிப்பதைக்கூடக் கேட்டோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, போன வருடம் அக்டோபர் ஒன்றாம் தேதி அதுவும் போயிற்று. இனிப் புதிதாகக் கருமுட்டை எடுக்க வழியில்லை, இருக்கிறது ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னார். அந்த அம்மாள் நல்லவர். நல்லவர்கள் சொன்னாலும் சொல் அதேதான்.

அந்த ஒன்றை நாங்கள் கடைக்குட்டி என்போம். அவள் வைத்த பெயர். ஒரு நாள் கையில் மெழுகுத் தூசியோடு வந்து, "கடைக்குட்டி அங்க குளிர்ல கிடக்கு, நாம இங்க ஃபேன் போட்டுக்கிட்டு இருக்கோம்" என்றாள். சிரித்தோம். மூத்தது ஒன்றுகூட இல்லாத வீட்டில் ஒரு கடைக்குட்டி. அதன் பிறகு அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேசினால் கை நடுங்கும் என்று அவளுக்குப் பயம். அவள் கை நடுங்கினால் யாருடைய பல்லோ கோணலாகிவிடும். மையத்திலிருந்து ஒரு தடவை லேபுக்குப் போன் வந்தபோது அப்படித்தான் ஆயிற்று. அன்றே அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்: போன் வேண்டாம், ஞாபகமூட்டல் வேண்டாம், வருடத்துக்கு ஒரு கடிதம் போதும், தேதிகளை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று. கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். தேதி பார்த்துக்கொள்ள என்னைவிட்டால் வேறு ஆள் யார்?

அந்த ஒரு கடிதம் ஆகஸ்டில் வந்தது. உறைய வைத்த கருவை வருடா வருடம் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் மேலும் ஒரு வருடம் வைத்திருப்பார்கள். செப்டம்பர் ஒன்றிலிருந்து அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் இருவரில் யாராவது ஒருவர் நேரில் போய்ப் போட்டால் போதும். கடிதத்தைப் படித்துவிட்டு அவள் என்னிடம் நீட்டினாள்.

"பட்டியல்ல போட்டுடுங்க. ஆனா இன்னும் இத்தனை நாள் இருக்கு, இத்தனை நாள் இருக்குன்னு தினமும் எண்ணிக் காட்டுமே, அது வேண்டாம். என்னால பாக்க முடியாது."

முடிவுத் தேதி போட்டால் எங்கள் பட்டியல் அதைத்தான் செய்யும். இருக்கும் நாட்களின் எண்ணிக்கையை மூலையில் காட்டும். குறையக் குறையச் சிவக்கும். எனவே தொடக்கத் தேதி மட்டும் போட்டேன், செப்டம்பர் ஒன்று. தலைப்பு 'படிவம்', வேறொன்றும் இல்லை. கடிதத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி நான் வழக்கத்துக்கு மாறாக ஐந்தரைக்கே எழுந்துவிட்டேன். முந்தின நாள்தான் மச்சினிக்கு, அதாவது அவள் தங்கைக்கு, இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. இவள் லேபுக்கு லீவு போட்டுவிட்டு அன்று ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தாள். போய்த் தங்கை குழந்தையை மடியில் வாங்க வேண்டும், சிரிக்க வேண்டும், யார் ஜாடை என்று சொல்ல வேண்டும். அந்த நாளில் போனைத் திறந்ததும் படிவமா? எனக்கு மனம் வரவில்லை. அவள் எழுவதற்குள் தொடக்கத் தேதியை அக்டோபர் ஒன்றுக்கு மாற்றினேன். என்ன அவசரம், இரண்டு மாதம் இருக்கிறதே என்று நினைத்தேன். தேதி மாற்றத் தெரிந்த எனக்கு, அக்டோபர் ஒன்று என்ன நாள் என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. ஒரு மாதம் என்றால் ஒன்றுக்கு ஒன்று என்று விரல் போய்விட்டது.

அக்டோபர் ஒன்று காலை ஆறு மணிக்கு அது அவள் போனில் வந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நாள் வந்தால் நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மாதா மாதம் ஒன்றாம் தேதி ராத்திரி நான் அப்படிச் செய்வதைக் கேட்டிருக்கிறாள். குழாய்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வருடம் திரும்புகிற நாளில் இவர் கண்ணில் இது படக் கூடாது என்று அவள் அதை இருபதாம் தேதிக்குத் தள்ளினாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

நான் ஏழு மணிக்கு எழுந்து பட்டியலைத் திறந்தேன். படிவம் வந்திருக்க வேண்டும். இல்லை. கீழே தேடினேன், இல்லை. நான் பட்டியலைப் பார்த்தே ஆளைப் படிக்கிறவன். எந்த மெக்கானிக் சோம்பேறி, எவன் வீட்டில் சண்டை என்று மறைந்துபோன வரிகளை வைத்தே சொல்வேன். இதையும் படித்தேன். காலையில் பார்த்திருக்கிறாள். இன்று இந்த நாள் என்று தெரிந்தே, லேபுக்குப் போகும் வழியில் மையத்தில் இறங்கிக் கையெழுத்துப் போட எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். என்ன நெஞ்சுரம் இவளுக்கு என்று மலைத்துப்போனேன். கையெழுத்துப் போட்டாள் என்றால் இன்னும் ஒரு தடவை முயல அவளுக்கு ஆசை இருக்கிறது என்றுதானே அர்த்தம். அன்று நான் குழாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் கேட்டிருக்கலாம். "போட்டியா?" என்ற ஒரு சொல். கேட்கவில்லை. அவள் முகம் தெளிவாக இருந்தது. என் முகம் தெளிவாக இருந்ததைப் பார்த்துத்தான் அவள் முகம் தெளிந்தது என்பது எனக்கெப்படித் தெரியும்? அவளாகச் சொல்லட்டும் என்று விட்டேன்.

இருபதாம் தேதி அவளுக்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாக ஐந்து மணிக்கே போன். ஆளை அனுப்பிவிட்டுப் பட்டியலைத் திறந்தால் படிவம் அங்கே நிற்கிறது. ஒரு கணம் திடுக்கிட்டேன். பிறகு சிரிப்பு வந்தது. இவளுக்கு டிக் போட வராதே! வேலையை முடித்துவிட்டு வழக்கம்போலத் தேதியைத் தள்ளிவிட்டிருக்கிறாள், விரல் போன போக்கில் இருபதுக்கு. அடுத்த வருடமும் வரத்தானே போகிறது என்று நினைத்திருப்பாள். காஸுக்குப் போட்ட மாதிரி, கண் பரிசோதனைக்குப் போட்ட மாதிரி, இதற்கும் அவளுக்காக நான் டிக் போட்டேன். அன்போடுதான் போட்டேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆறு மணிக்கு அவள் எழுந்து பார்த்தபோது படிவம் முடிந்த வேலைகளில் இருந்தது, பக்கத்தில் என் டிக்கோடு. அவளுக்கு டிக் போட வராது என்பது எவ்வளவு உண்மையோ, செய்யாத வேலைக்கு நான் டிக் போட மாட்டேன் என்பதும் அவ்வளவு உண்மை. பதினாறு வருட நாணயம். வந்து என் தலைமயிரைக் கலைத்துவிட்டுப் போனாள். லிஃப்ட் நின்றதற்கு ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அதுதான் தாங்க முடியவில்லை. அட்டைப்பெட்டிகளை அடைத்து வைத்திருந்த சின்ன அறையை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காலி செய்ய ஆரம்பித்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். இவருக்கும் ஆசை இருக்கிறது என்று அவள் நினைத்தாள். இவளுக்கும் ஆசை இருக்கிறது என்று நான் நினைத்தேன். இரண்டும் உண்மைதான். பத்து வருடத்தில் நாங்கள் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொண்டது அந்த மூன்று வாரம்தான் என்றுகூடச் சொல்லலாம்.

நவம்பர் எட்டாம் தேதி அவளே சொன்னாள், நாளைக்குப் போய் டாக்டரைப் பார்த்து நாள் குறித்துக்கொண்டு வரலாம் என்று. ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை இருவரும் லீவு போட்டுவிட்டுப் போனோம்.

மையத்தில் நாங்கள் வழக்கமாக உட்காரும் அறை. மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் கர்ப்பப்பையின் படம். நர்ஸ் எங்கள் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். இந்த வருடத்துப் படிவம் வரவில்லையே என்றாள். வந்திருக்கும், சரியாகப் பாருங்கள் என்றோம் இருவரும் ஒரே குரலில்.

"ரெண்டு பேர்ல யார் வந்து குடுத்தீங்க?"

நான் அவளைக் காட்டினேன். அதே நேரத்தில் அவள் என்னைக் காட்டினாள். இருவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. ஒருவரையொருவர் பெருமையோடு காட்டிக்கொடுக்கிற சிரிப்பு. கை இரண்டும் அப்படியே நின்றன. முதலில் கையை இறக்கியது அவள்தான்.

நர்ஸ் எழுந்து போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் உட்காரவில்லை. முதல் நாள் நாங்கள் போட்ட ஒப்பந்தத்தில் இருந்ததையே சொன்னார். கடைசித் தேதிக்கு மேல் நான்கு நாள் பார்ப்பார்கள். படிவம் வராததை வைத்திருக்க மாட்டார்கள். ஒரு போன் செய்திருக்கக் கூடாதா என்று நான் சத்தம் போட்டேன். அவர் கோப்பைப் புரட்டி, போன் வேண்டாம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினார். கீழே என் கையெழுத்து, தேதியோடு. நான் எங்கே கையெழுத்துப் போட்டாலும் தேதி போடுகிறவன்.

எப்போது என்று என் மனைவி கேட்டாள். போன வியாழக்கிழமை என்றார். போன வியாழக்கிழமை சாயங்காலம் நாங்கள் சின்ன அறையின் ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். மஞ்சள் என்று முடிவு செய்திருந்தோம்.

வெளியே வந்து மையத்தின் படிக்கட்டில் உட்கார்ந்தோம். படியில் ஆட்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். அங்கேதான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டோம், யார் எந்தத் தேதியில் எதைத் தள்ளினோம், ஏன் தள்ளினோம் என்று. ஒரு லிஃப்ட் விழுந்தால் இப்படித்தான் உட்கார்ந்து விசாரிப்போம். எந்த நாள் எந்தக் கை எதைத் தொட்டது என்று பின்னோக்கிப் போவோம். கடைசியில் என் டிக்கில் வந்து நின்றது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். என்னைத் திட்டு என்றேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அவள் திட்டவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"நீங்க தள்ளினது எனக்காக. நான் தள்ளினது உங்களுக்காக. கடைக்குட்டிக்குன்னு அங்க யாருமே இல்லை."

அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. மெழுகு செதுக்கும்போது இம்மியும் அசையாத அந்தக் கை என் கைக்குள் வெடவெடத்துக்கொண்டிருந்தது.

அப்போது நர்ஸ் உள்ளேயிருந்து வேகமாக இறங்கி வந்தாள். அவளுக்குக் கண் சிவந்திருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள், ஒரு தாளில் கையெழுத்து வாங்க மறந்துவிட்டோம் என்றாள். விவரம் எங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது, இனி எங்கள் பெயரில் இங்கே ஒன்றும் இல்லை என்று ஒரு படிவம். இதற்கு இருவரும் போட வேண்டுமாம்.

நான் முழங்காலில் வைத்துப் போட்டேன். அவளுக்கு வைத்து எழுத இடம் இல்லை. நான் குனிந்து முதுகைக் காட்டினேன். அவள் தாளை என் முதுகில் வைத்தாள். பேனா முனை சட்டைக்கு மேலே அவள் பெயரை எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டு போவது எனக்குத் தெரிந்தது. எழுதி முடித்துவிட்டு இன்று என்ன தேதி என்று கேட்டாள். சொன்னேன். அதையும் எழுதினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.